ஆச்சு என்று சொன்ன மிஷின்

காசிராஜனுக்கு ராஜபாளையத்தில் ஒரு நல்ல பெயர் உண்டு. செய்யாத வேலையைச் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டான். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாச்சா என்று வீட்டில் கேட்டால், எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் ஆச்சு என்பான். அதுவரைக்கும் வாயைத் திறக்க மாட்டான். அவன் மனைவி வேலுத்தாய் இதை வைத்தே தெருப் பெண்களைச் சிரிக்க வைப்பாள்.

"எங்க வீட்டு அவிய சாப்பிட்டாச்சான்னு கேட்டாக்கூட, தட்டைக் குனிஞ்சு பாத்துட்டுத்தான் ஆமான்னு சொல்லுவாக."

பிறவியிலேயே சில பேருக்கு இப்படி ஒரு குணம் வாய்க்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வாய்க்கவில்லை. பட்டுத்தான் வந்தது. அதிலும் பட்டது அவன் அல்ல, வேறொருத்தி. அதுதான் இதில் கொடுமை.

எண்பத்தாறில் அவன் சோலைராஜின் கம்பெனியில் வேலை பார்த்தான். தென்காசி ரோட்டில் ஒரு உரக்கடைக்கு மேலே மாடி. கீழே யூரியா மூட்டை, மேலே கம்ப்யூட்டர். படி ஏறும்போதே மூக்கு அரிக்கும். சோலைராஜ் மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டர் போர்டுகளை வாங்கி வந்து, உள்ளூர்ப் பட்டறையில் தகரப் பெட்டி அடித்து, அதற்குள் மாட்டி, மில்லுகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார். வெளிநாட்டு மிஷின் வாங்க மனசு வராத முதலாளிகளுக்கு அவர்தான் கதி. அந்தத் தகரப் பெட்டிக்கு உயிர் கொடுக்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதியது காசிராஜன். அதன் மேலே, மில்லுக்கு வேண்டிய கணக்குப் புரோகிராம்களை எழுதியது ஜெயபாய்.

ஜெயபாய் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். மடவார் வளாகத்துப் பக்கம் வீடு. தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அவள் அப்பா ரத்தினம் நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர், பஞ்சு தின்ற நெஞ்சோடு இருமிக்கொண்டே ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். தாயில்லாத பெண்ணை அவர்தான் வளர்த்தார்.

காசிராஜனுக்கும் ஜெயபாய்க்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ரேஷன் கடை ஜன்னல் மாதிரி. வெளியே நிற்கிறவர் கார்டை நீட்டுகிறார், உள்ளேயிருந்து சர்க்கரை வருகிறது. மூட்டை எந்த மூலையில் கிடக்கிறது என்ற கவலை வெளியே நிற்கிறவருக்கு வேண்டாம். ஜெயபாயின் புரோகிராம் ஒரு ஃபைலைக் கேட்கும்; காசிராஜனின் சிஸ்டம் அதைப் பிளாப்பித் தட்டில் தேடி எடுத்துக் கொடுக்கும். எப்படிக் கேட்க வேண்டும், என்ன பதில் வரும் என்று அந்த ஜன்னலை வகுக்கிற வேலை அவனுடையது.

புத்தகங்களில் அவன் பார்த்த சிஸ்டங்களில் இதற்குக் கட்டளைகள் கல்யாணச் சாமான் சிட்டை மாதிரி நீண்டு கிடந்தன. அவன் எல்லாவற்றையும் வெட்டினான். வெட்டி வெட்டி நாலில் கொண்டு வந்து நிறுத்தினான். திற, படி, எழுது, மூடு. சொன்ன காரியம் நடந்தால் 'ஆச்சு' என்று பதில் வரும். நடக்காவிட்டால் 'ஆகலை'. வேறு பேச்சே கிடையாது. மில் கிளார்க்குகள் மிரளக் கூடாதே என்று, திரையிலும் இங்கிலீஷ் எழுத்தில் அதே ஆச்சுவையே வர வைத்தான். சோலைராஜ் வாய்விட்டுச் சிரித்தார். "ஏலே காசி, மிஷினுக்கு நம்மூரு பாஷை படிச்சுக் குடுத்துட்டியேலே" என்றார். காசிராஜனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நாலு கட்டளைகளை ஜெயபாய் ஒரே பொழுதில் படித்துக்கொண்டாள். வேறு ஊர்களில் மாதக்கணக்கில் படிக்கிற சங்கதி அது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அவளோடு வெறுமனே போய் இறங்கி, அடுத்த பஸ்ஸில் அவன் திரும்பி வர ஆரம்பித்திருந்த நாட்களில், அவள் ஒரு தடவை சொன்னாள்.

"அந்த நாலையும் பாத்துத்தான் எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு. இம்புட்டு எளிசா யோசிக்கிற ஆளுக்கு மனசும் எளிசாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

இதைவிடப் பெரிய பாராட்டு அவனுக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

சிக்கல் வேகத்தில் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலையில் அவர்கள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எந்த ஷிஃப்டில் எந்த மிஷினில் எவ்வளவு நூல் ஓடியது என்பதை அழகுத்தாய் என்ற கிளார்க் பெண் தட்டி ஏற்றுவாள். ஒரு வரி ஏற்றினால் பிளாப்பி கர்ரென்று சுற்றும். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மறுபடி ஒரு வரி, மறுபடி கர்ர். "இதுக்கு நான் பேனாவுலயே எழுதிட்டுப் போயிருவேன்" என்றாள். மில் முதலாளி தெலுங்கு பேசுகிறவர். "ஏமய்யா சோலைராஜ், நீ குடுத்தது கம்ப்யூட்டரா, கட்டை வண்டியா?" என்று கேட்டுவிட்டார். சோலைராஜ் மாடிப்படி ஏறி வந்து, "ஏதாவது பண்ணுலே, மானம் போகுது" என்றார்.

காசிராஜன் பண்ணினான். எழுது என்று புரோகிராம் கேட்டதும், சிஸ்டம் அந்த வரியை மிஷினின் ஞாபகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும். உடனே ஆச்சு என்று சொல்லிவிடும். பிளாப்பியில் எழுதுகிற வேலையை, மிஷின் சும்மா இருக்கும்போது மொத்தமாகப் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். வெளியே நாலு கட்டளையும் அப்படியே இருந்தன. ஒரு எழுத்து மாறவில்லை. உள்ளே மட்டும் சங்கதி மாறியிருந்தது.

மிஷின் பறந்தது. மில்லிலிருந்து ஒரு கூடை மாம்பழம் வந்தது.

ஜெயபாய் மட்டும் மாம்பழத்தைத் தொடாமல் கேட்டாள். "எழுதியாச்சுன்னு சொல்லுதே, நெசமாவே எழுதிருச்சா?"

"எழுதுனாப்பலதான்."

"அப்படின்னா?"

"செத்த நேரத்துல எழுதிரும். கரண்டு போனாலும் தாங்குறதுக்குப் பாட்டரிப் பெட்டி இருக்கு. நடுவுல என்ன ஆகப்போகுது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அஞ்சாவதா ஒண்ணு குடுங்க. அதை நான் கேட்டேன்னா, பிளாப்பியில எழுதி முடிச்ச பொறவுதான் எனக்குப் பதில் வரணும்."

"அஞ்சாவது வந்தா அழகு போயிரும் ஜெயபாய்."

"அழகு யாருக்கு?"

நியாயமான கேள்விதான். அவன் அதற்குச் சிரித்துவைத்தான். அவன் சிரித்ததால் அவளும் சிரித்துவிட்டாள். பிடித்துப்போன மனுஷனிடம் எவ்வளவு நேரம்தான் வழக்காடுவது? விட்டுவிட்டாள். அந்த இடத்தில் அவள் விட்டிருக்கக் கூடாது, அவன் விடவைத்திருக்கக் கூடாது. ஆனால் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பிரயோஜனம்?

ஆவணியில் நாசரேத்திலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல இடம். ரத்தினம் மகளிடம் கேட்டார். அவள் மறைக்காமல் காசிராஜனைப் பற்றிச் சொன்னாள். அவர் ரொம்ப நேரம் இருமினார். பிறகு, "அவிய வீட்டுல தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரிந்திருந்தால் பேசலாம், தெரியாமல் ஒளிந்து செய்கிற காரியம் தனக்குப் பிடிக்காது என்றார். வேதக்காரப் பெண்ணை, ஒரு கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணை, அவர்கள் எடுப்பார்களா என்ற பயத்தை அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஜெயபாய் காசிராஜனிடம் சொன்னாள். அவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேசிவிடுவதாகச் சொன்னான். மனசாரத்தான் சொன்னான். ஆனால் அவன் அப்பா சங்கையா பருத்தி வியாபாரி. அந்த வாரம் பெய்த மழையில் குடோன் ஒழுகி, பஞ்சு நனைந்து, அவர் வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். காசிராஜன் ரெண்டு தடவை அவர் கட்டில் வரைக்கும் போனான். ரெண்டு தடவையும் தண்ணீர் செம்பை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினான்.

திங்கட்கிழமை மாடிப்படியில் வைத்தே ஜெயபாய் கேட்டாள். "வீட்டுல சொன்னீகளா?"

"சொல்லியாச்சு."

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியாது. அவள் முகத்தில் அவ்வளவு எதிர்பார்ப்பு இருந்தது. இல்லை என்று சொல்லி அதை அணைக்க மனசு வரவில்லை.

"என்ன சொன்னாக?"

"யோசிக்கணும்னாக. பாப்போம்னாக."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

பொய் சொல்லிவிட்டோம் என்று காசிராஜன் நினைக்கவில்லை. அதுதான் வேடிக்கை. நாளைக்கோ மறுநாளோ அப்பா குளிர்ந்திருக்கிற நேரம் பார்த்துச் சொல்லிவிடப் போகிறான். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். அதுவரை நடுவில் என்ன ஆகப்போகிறது? மிஷினுக்கு அவன் சொல்லிக்கொடுத்த சாமர்த்தியம், வந்த வழியே திரும்பி அவனிடமே சேர்ந்திருந்தது. நனைந்த பஞ்சு காய்ந்தது, அப்பாவின் கோபமும் காய்ந்தது. பிறகு உறவில் ஒரு கல்யாணம் வந்தது, பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். சொல்லாத பேச்சும் அப்படித்தான், நாள் போகப் போக வாய்க்குக் கொண்டுவர முடிவதில்லை.

ரத்தினம் நாசரேத்துக்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பையன் வீட்டில் யோசிக்கிறார்கள் என்று மகள் சொல்லியிருந்தாளே.

ஆயுத பூஜை வந்தது. மில்லில் அதைப் போல ஒரு நாள் கிடையாது. மத்தியானத்தோடு எல்லா மிஷினையும் நிறுத்தி, எண்ணெய் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு ஓய்வு கொடுப்பார்கள். மறுநாள் விஜயதசமிக்கு முதலாளி கையால் சுவிட்சைப் போடுகிற வரைக்கும் ஓடுகிற எதுவும் ஓடக் கூடாது. காற்றாடி கூடச் சுற்றக் கூடாது. அந்த வருஷம் கம்ப்யூட்டருக்கு முதல் பூஜை.

அழகுத்தாய் அன்று காலை ஷிஃப்டின் வரிகளை அவசரம் அவசரமாக ஏற்றினாள். வெளியே ராகு காலத்துக்கு முன்னால் மெயினை இறக்க வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் நின்றுகொண்டிருந்தார். கடைசி வரிக்கும் திரையில் ஆச்சு என்று வந்தது. "ஆச்சுண்ணே, அணைச்சுக்கிடுங்க" என்றாள். அவர் மெயினை இறக்கினார். கம்ப்யூட்டர் மட்டும் அணையாமல் கண் விழித்திருந்தது. பாட்டரிப் பெட்டி தாங்கிக்கொண்டிருந்தது. இதென்ன அபச்சாரம் என்று அவர் குனிந்து அந்தப் பெட்டியையும் அணைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். எந்தக் கரண்டு வெட்டுக்கும் அசையாத அந்தப் பெட்டியைச் சந்தனக் கையால் ஒருத்தர் அணைப்பார் என்று காசிராஜன் கனவிலும் நினைத்ததில்லை. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர் மில்லுச் சத்தத்தில் வளர்ந்தவன் அதை நினைத்திருக்க வேண்டும்.

அழகுத்தாய் பயபக்தியோடு, மேஜையில் இருந்த நகல் பிளாப்பியை எடுத்து அதன் நடுவிலும் நல்லதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள்.

விஜயதசமியன்று சுவிட்சைப் போட்டபோது அந்த மாதத்து ஃபைல் திறக்கவில்லை. ஆகலை என்று வந்தது. மறுபடி கேட்டாலும் ஆகலை. நகல் பிளாப்பியைப் போட்டால் மிஷின் இருமியது. முதலாளி அழகுத்தாயைப் பிடித்துக்கொண்டார். சந்தனத்தை அப்பிக் கெடுத்துவிட்டாய், நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். அவள் அழுதுகொண்டு நின்றாள்.

விடுமுறைக்கு வத்திராயிருப்பில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த காசிராஜனுக்கு மறுநாள் ஆள் வந்து சொன்னது. பஸ் பிடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மில்லுக்கு வந்தான். ஜெயபாய் அவனுக்கு முன்னாலேயே வந்து, அசல் பிளாப்பியை ஓரம் ஓரமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சந்தனம் பட்டது நகல்ல. அசல் மிஷினுக்குள்ளதான் இருந்துச்சு, அதுல தூசி கூட இல்ல" என்றாள். "கடைசி வரிகளைக் காணோம். எந்த வரி எங்க இருக்குன்னு குறிச்சு வச்ச இடம் பாதி புதுசு, பாதி பழசா நிக்குது. ஆனா அழகுத்தாய்க்கு எல்லா வரிக்கும் ஆச்சுன்னு வந்திருக்கு."

"அது ஞாபகத்துல இருந்திருக்கும். எழுதுறதுக்குள்ள பெட்டிய அணைச்சுட்டாக."

"அப்ப ஆச்சுன்னு சொன்னது?"

"ஆயிரும்னு அர்த்தம்" என்றான் காசிராஜன். கொஞ்சம் இளித்தான்கூட.

ஜெயபாய் நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது.

"நேத்து எங்கப்பா உங்க வீட்டுக்குப் போனாக."

அவன் இளிப்பு நின்றது.

"சர்ச்சுக்குப் போடுற வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போனாக. விசேச நாளு, எல்லாரும் வீட்டுல இருப்பாகன்னு. கையில பழம் வாங்கிட்டுப் போனாக. உங்கப்பா வாசல்ல நிக்க வச்சே, நீங்க யாரு, என்ன பேச்சு பேசுதீக, எங்க வீட்டுல அப்படி ஒரு சங்கதியே கிடையாதேன்னு சொல்லிட்டாக. பெத்த பிள்ளை மேல பழி போட வந்த ஆளைப் பாக்குற மாதிரி பாத்தாகளாம். அக்கம்பக்கத்துல எல்லாரும் பாத்தாகளாம். எங்கப்பா பழத்தை அந்த வாசல்லயே வச்சுட்டு வந்துட்டாக."

"ஜெயபாய், நான் சொல்லணும்னுதான்..."

"சொல்லியாச்சுன்னீகளே."

"சொன்னாப்பலதான்னு நெனச்சேன்."

இதைச் சொன்ன பிறகுதான், அன்றைக்கு மிஷினுக்குச் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. அவள் திரும்பி உட்கார்ந்தாள். "அழகுத்தாய் மேல தப்பில்லன்னு மொதலாளிகிட்ட நீங்க போயிச் சொல்லுங்க" என்றாள். "இப்பவே. நான் இங்கயிருந்து பாத்துக்கிட்டிருப்பேன்."

அவன் போய்ச் சொன்னான். தன் தப்பு என்றே சொன்னான். முதலாளி திட்டினார், சோலைராஜும் திட்டினார். அழகுத்தாயின் வேலை பிழைத்தது. திரும்பி வந்தபோது கண்ணாடிக் கதவு வழியாக ஜெயபாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று சாயங்காலம் அவன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அடி விழும் என்று எதிர்பார்த்தான். சங்கையா அடிக்கவில்லை. வெற்றிலையை மடித்தபடியே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த மனுசன் வந்து நின்னப்ப எனக்கு ஒண்ணுந் தெரியாதுலே. தெரிஞ்சிருந்தா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருப்பேனே. வேதக்காரவுகன்னு கோவப்பட்டிருப்பேன், உங்கூட ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன், அது வேற. வயசான மனுசன வாசலோட அனுப்ப வச்சிட்டியேலே."

சொன்ன மாதிரியே ஒரு மாதம் பேசவில்லை. தீபாவளி கழிந்து ஒரு நாள், சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அந்தப் பிள்ளை வீட்டுக்கு எப்பப் போகணும்? நானே போயி மன்னிப்புக் கேக்கணும்" என்றார். அவ்வளவுதான் விஷயம். சொல்லியிருந்தால் இவ்வளவுதான் ஆகியிருக்கும். காசிராஜன் கிணற்றடியில் நின்று அழுதான்.

அந்த இடைவெளியில் அவன் வேறொரு வேலையும் செய்திருந்தான். அவள் கேட்ட அஞ்சாவது கட்டளையை எழுதினான். 'உறுதி' என்று பெயர் வைத்தான். அதைக் கேட்டால் சிஸ்டம் பிளாப்பியில் எழுதி முடித்த பிறகுதான் ஆச்சு என்று சொல்லும், இல்லாவிட்டால் சொல்லவே சொல்லாது. மெயினோடு பாட்டரிப் பெட்டியையும் பிடுங்கிப் பிடுங்கி அதைச் சோதித்தான். அவன் எழுதியதிலேயே யோக்கியமான வேலை அதுதான். ஜெயபாயின் மேஜையில் கொண்டுபோய் வைத்தான். அவள் "சரி" என்று வாங்கிக்கொண்டாள். மில்லின் புரோகிராமைத் திருத்திக் கொடுத்துவிட்டு வேலையை விடப்போவதாகச் சோலைராஜிடம் சொல்லியிருந்தாள்.

அப்பாவின் சம்மதத்தை எடுத்துக்கொண்டு அவன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனான். அவள் வாசலுக்கு வந்தாள். உள்ளே ரத்தினம் இருமுகிற சத்தம் கேட்டது. அவன் மூச்சு வாங்கச் சொன்னான்: அப்பா சம்மதித்துவிட்டார், நாளைக்கே வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்கிறார், இந்தத் தடவை நிஜம்.

ஜெயபாய் கேட்டுக்கொண்டாள். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான்.

"நெசமாத்தான் இருக்கும்" என்றாள். "ஆனா இனிமே நீங்க எதைச் சொன்னாலும், நான் பின்னாலயே போயி ஆயிருச்சான்னு பாத்துட்டு வரணும். பால் வாங்கியாச்சுன்னாலும் பாக்கணும், பிள்ளைக்கு மருந்து குடுத்தாச்சுன்னாலும் பாக்கணும். மிஷின்னா பாத்துக்கிட்டே இருக்கலாம். மனுசன்கிட்ட ஏலாது. எனக்கும் ஏலாது, உங்களுக்கும் ஏலாது. அப்பாவுக்கு வெந்நி வைக்கணும், நான் உள்ள போறேன்."

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. பெங்களூரில் ஏதோ கம்பெனி என்றார்கள். அங்கேயே கல்யாணம் ஆனது என்று பின்னால் கேள்விப்பட்டான்.

காசிராஜனுக்குச் சுந்தரபாண்டியத்தில் பெண் பார்த்தார்கள். வேலுத்தாய் வந்தாள். நல்ல மனுஷி. கலகலவென்று பேசுகிறவள். அவளிடம் அவன் ஒரு நாளும் செய்யாததைச் செய்ததாகச் சொன்னதில்லை. சொல்ல நாக்கு வரவில்லை. ஊருக்குள் அந்த நல்ல பெயர் அப்படித்தான் பரவியது.

தொண்ணூறுகளில் காலம் மாறியது. தகரப் பெட்டிகளை வாங்க ஆளில்லை. சோலைராஜ், முழுசாகக் கட்டியே வருகிற கம்ப்யூட்டர்களை வாங்கி விற்க ஆரம்பித்தார். காசிராஜனின் சிஸ்டம் ஒவ்வொரு மில்லாகப் பழைய இரும்புக்குப் போனது. அந்த நாலு கட்டளைகளைத் தெரிந்தவர்கள் ஊரில் யாரும் மிச்சமில்லை. அவனுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. வருத்தப்படுகிறதற்கு அவனிடம் அதைவிடப் பெரிய சங்கதி இருந்தது.

தொண்ணூற்றாறில் அந்த நூற்பாலையும் புது மிஷின் வாங்கியது. பழைய கணக்கைப் புதுசுக்கு மாற்றித் தர வேண்டும். அந்த மில்லுக்கு மட்டும் அவன் இத்தனை வருஷமாக வேறு யாரையாவது அனுப்பிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை தட்ட முடியவில்லை. பழைய சிஸ்டம் தெரிந்த ஆள் அவன் ஒருத்தன்தான்.

அழகுத்தாய் அதே நாற்காலியில் இருந்தாள். முன்னந்தலை நரைத்திருந்தது. தகரப் பெட்டியின் மேல் போன பூஜையின் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"புதுசு வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன் சார், கேக்க மாட்டேனுட்டாக. அந்தப் பூசைக்குப் பொறவு இதுல ஒரு வரி தொலைஞ்சதில்ல. மழை, இடி, கரண்டு, எதுக்கும் தொலைஞ்சதில்ல. ஆச்சுன்னா ஆச்சுதான்."

காசிராஜன் உட்கார்ந்து ஜெயபாயின் புரோகிராமைத் திறந்தான். எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் மாற்ற முடியும். அவள் கைவேலையை அன்றைக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறான். ஒவ்வொரு வரியாக இறங்கி, பிளாப்பியில் எழுதுகிற இடத்துக்கு வந்தான். எழுது என்று கேட்டிருந்தாள். அடுத்து, அவன் சோதித்துச் சோதித்து எழுதிக் கொடுத்த அந்த உறுதி. அதற்கு ஆச்சு என்று பதில் வரும். அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஆச்சு வந்த பிறகு, அவள் ஃபைலை மூடியிருந்தாள். மறுபடி திறந்திருந்தாள். இப்போது எழுதிய அதே வரியைத் திரும்பப் படித்து, அழகுத்தாய் தட்டிய எழுத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்திருந்தாள். எல்லாம் சரியாக இருந்தால்தான் திரையில் ஆச்சு என்று காட்டச் சொல்லியிருந்தாள்.

உறுதியை அவள் நம்பவே இல்லை. அது ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. இந்த மில்லில் இத்தனை வருஷமாக, ஷிஃப்டுக்கு ஷிஃப்டு, வரிக்கு வரி, உண்மையையே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாள். அவள்மேல் கோபப்பட அவனால் முடியவில்லை. கோபப்பட அவன் யார்? வாசலில் நின்று ஏலாது என்று அவள் சொன்னபோது, ஏதோ மனம் நொந்து சொல்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அவள் அந்த வாரம்தான் இந்த இடத்தை எழுதி முடித்திருப்பாள். நம்ப முடியாததோடு காலம் தள்ளுவது எவ்வளவு வேலை என்று தன் கையாலேயே எழுதிப் பார்த்துவிட்டுத்தான் ஏலாது என்று சொல்லியிருக்கிறாள்.

மிஷினைச் சரிசெய்து கொடுத்துவிட்டால் தன்னையும் சரிசெய்துகொண்டதாக ஆகும் என்று எங்கோ ஒரு மூலையில் அவன் நினைத்து வைத்திருந்தான் போலிருக்கிறது. அன்றைக்குத்தான் அது போயிற்று.

"இந்தப் புது மிஷினும் இப்படிப் பாத்துட்டுத்தான் சொல்லுமா சார்?" என்று அழகுத்தாய் கேட்டாள்.

"சொல்லாது" என்றான் காசிராஜன். "இதுவும் உடனே ஆச்சுன்னுதான் சொல்லும். நான் அந்தம்மா எழுதுனதை இதுலயும் எழுதி வைக்கேன்."

சாயங்காலத்துக்குள் எழுதி வைத்தான். ஒரு வரி கூட்டவில்லை, குறைக்கவில்லை. கணக்கு முழுவதும் புது மிஷினுக்கு ஏறி, திரையில் முடிந்துவிட்டதாக வந்த நேரத்தில் மில் ஆபீஸுக்குப் போன் வந்தது. வேலுத்தாய்.

"முடிஞ்சுதா? சின்னவன் உங்ககூடக் கடைக்குப் போகணும்னு நிக்கான்."

காசிராஜன் திரையைப் பார்த்தான்.

"செத்த பொறு. திறந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

போனுக்கு அந்தப் பக்கம் அவள் யாரிடமோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. "நான் சொன்னேன்ல, எங்க வீட்டு அவிய இப்படித்தான்."

ஜெயபாய்க்கு அவன் கொடுத்திருக்க வேண்டியதை வேலுத்தாய் தினமும் கேட்காமலே வாங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் அதை அவனால் சொல்லவும் முடியாது. ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு, ஃபைலைத் திறந்து, முதல் வரியிலிருந்து ஒத்துப் பார்க்க ஆரம்பித்தான்.